முந்தி அடித்த மணி

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒருவர் அந்தக் கடிகாரத்தின் படத்தைப் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஓர் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் கிடந்ததாம். கண்ணாடி போய், ஒரு முள் போய், தேக்குப் பெட்டி மட்டும் நிற்கிறது. படத்துக்குக் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பினீர்கள். "நம்மை மனிதர்களாக்கிய மணி" என்று ஒருவர் எழுதினார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய வீடு பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே இருந்தது. பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு நாள்கூட நிற்காதவர்.

நான் கைகூப்பவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வாய் கசந்தது. நம்மில் பாதிப் பேருக்கு அந்த வருடம் மறந்திருக்கும். மீதிப் பேர் மறந்ததாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

கடிகாரம் வருவதற்கு முன்பு நமக்கு மணி என்பது வாகைமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. பியூன் அதை ஒரு பெரிய போல்ட்டால் அடிப்பார். அவர் ஒன்றும் நேரம் தவறாத மகான் இல்லை. எதிர்க்கடையில் டீ சூடாக இருந்தால் பாடம் நீளும்; ஆறியிருந்தால் பாடம் சட்டென்று முடியும். வரலாற்று டீச்சர் பாதிப் போரில் புத்தகத்தை மூடுவார். அதனால் யாருடைய வாழ்க்கையும் கெட்டதாக எனக்கு நினைவில்லை. காலையில் மட்டும் பியூன் தவறமாட்டார். ஊர் மில்லின் காலைச் சங்கு ஊதியதும் போல்ட்டை எடுப்பார். துறைமுகத்துக்குப் போகிறவர்களும், மீன் ஏலத்திலிருந்து திரும்புகிறவர்களும், நாமும் அந்தச் சங்கைத்தான் நம்பியிருந்தோம்.

அப்போதுதான் நாசரேத் பக்கத்திலிருந்து புதுத் தலைமையாசிரியர் மாற்றலாகி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலையில் எண்ணெய் வழியும் நேர்வகிடு. அது எமர்ஜென்சி வருடம். ரயில் பெட்டியிலும் தபாலாபீசிலும் ஒழுங்கு, கட்டுப்பாடு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதெல்லாம் தமக்கு வந்த தனிக் கடிதம் என்று அவர் எண்ணிக்கொண்டார். தண்டவாளத்தைப் பார்த்து, "இது என்ன, சந்தையா?" என்று கேட்டார். மதராசில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் தானாகவே பாடத்துக்குப் பாடம் மணியடிக்கும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாராம். அப்படி ஒன்று வேண்டும் என்று உப்பு முதலாளியிடம் போய் நின்றார்.

உப்பு முதலாளியை உங்களுக்குத் தெரியும். முத்தையாபுரத்துக்கு அப்பால் உப்பளம் உப்பளமாக வைத்திருந்தவர். விரலில் முத்து மோதிரம், மணிக்கட்டில் கப்பலில் வந்த தங்க வாட்ச். செத்துப்போன தம் தகப்பனார் பெயரைப் பெட்டியில் பொறிப்பதாக இருந்தால் வாங்கித் தருகிறேன் என்றார். பொறித்தார்கள். பள்ளிக்கூடத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பொறித்தார்கள்.

வந்து இறங்கியது ஆள் உயரப் பெட்டி. மேலே வெள்ளை முகம், நடுவில் பெண்டுலம், கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பித்தளைச் சக்கரம். சக்கரத்தின் விளிம்பு முழுக்க ஓட்டைகள். எந்த நேரத்தில் பாடம் மாற வேண்டுமோ அந்த ஓட்டையில் ஒரு பித்தளை ஊசியைச் செருகிவிட வேண்டும். சக்கரம் மெல்லச் சுற்றி ஊசி உரிய இடத்தைத் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து எல்லா வராந்தாவிலும் மணி அலறும். அலறும் என்றுதான் சொல்ல வேண்டும். முதல்நாள் சோதித்துப் பார்த்தபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதார்கள். தையல் டீச்சர் விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டார்.

கடிகாரத்துக்குப் பொறுப்பாளர் என் அப்பா.

அவர் நமக்குக் கணக்கு வாத்தியார். சாத்தான்குளத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, திருத்தமான கையெழுத்தோடும், யாரையும் எதிர்த்துப் பேசாத குணத்தோடும் வளர்ந்தவர். கடிகாரப் பெட்டியின் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துக் கோத்துக்கொண்டார். மத்தியானம் மற்ற ஆசிரியர்கள் சேர்ந்து சாப்பிட, இவர் மட்டும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கடிகாரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். ஏதோ அது ஓடிப்போய்விடும் என்பதுபோல.

திறப்பு விழாவன்று நான் பாடகர் குழுவில் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். அதனால் நடந்ததை முழுக்கப் பார்த்தேன். கல்வி அதிகாரி வந்திருந்தார். பெட்டிக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். முந்தின நாள்தான் அப்பா ரேடியோச் செய்திக்கு முன்னால் வரும் பிப் ஒலியைக் கேட்டுத் தம் வாட்சைத் திருத்தி, அந்த வாட்சைப் பார்த்துக் கடிகாரத்தை வைத்திருந்தார். ஜெபம் முடிந்தது. உப்பு முதலாளி திரையை இழுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தம் தங்க வாட்சைப் பார்த்தார்.

"என்ன சார், புதுக் கடிகாரம் பிந்திக் கெடக்கே? கால் மணி பிந்துதே!"

மேடையில் வாட்ச் கட்டியவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருடைய வாட்சும் கடிகாரத்தோடு ஒத்துத்தான் இருந்திருக்கும். தலைமையாசிரியர் தம் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வாட்சின் திருகைப் பிடித்து முள்ளை முன்னால் தள்ளினார். அதைப் பார்த்துக் கல்வி அதிகாரியும் தள்ளினார். அதைப் பார்த்து உதவித் தலைமையாசிரியரும் தள்ளினார். பெரிய மனிதர்கள் வரிசையாகத் தலையைக் குனிந்துகொண்டு திருகினார்கள். அப்போது எனக்கு அது புரியவில்லை. எல்லோரும் தப்பாக வைத்திருந்தார்கள், முதலாளி மட்டும்தான் சரியாக வைத்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

தலைமையாசிரியர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சங்கிலியைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, கடிகாரத்தைக் கால் மணி முன்னால் வைத்தார். கூட்டம் கைதட்டியது. ஆசிரியர்களுக்கு முந்திரி மக்ரூன் கொடுத்தார்கள். நமக்கு ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய்.

மறுநாள் காலையில் பள்ளி மணி அடித்து, நாம் வரிசையில் நின்று, ஜெபம் பாடி, செய்தி வாசித்து முடிக்கிற நேரத்தில் மில் சங்கு ஊதியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தோம். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் சொன்னார்:

"அது மில். அங்கே சங்கு ஊதுகிறவன் தூங்கியிருப்பான். இது விஞ்ஞானக் கடிகாரம். இனிமேல் இந்தப் பள்ளிக்கு நேரம் இதுதான்."

ஊர் முழுவதும் தினமும் தூங்கியது. நாம் மட்டும் விழித்திருந்தோம்.

ஆசிரியர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காலையில் கால் மணி முந்தி அடிக்கிற மணி சாயங்காலமும் கால் மணி முந்தித்தானே அடிக்கும். முன்பெல்லாம் நின்றுகொண்டே போன திருச்செந்தூர் பஸ்ஸில் இப்போது அறிவியல் சாருக்கு உட்கார இடம் கிடைத்தது. தமிழ் ஐயா கூட்டம் சேர்வதற்குள் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கினார். அவர்கள் ஏன் வாயைத் திறப்பார்கள்?

மின்சாரம் போனால் கடிகாரம் ஓடும், மணி மட்டும் அடிக்காது. அந்த வருடம் மின்வெட்டுக்குக் குறைவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மணிக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. பியூன் தண்டவாளத்தை அடிக்கப் போனார். தலைமையாசிரியர் தடுத்துவிட்டார். மணி அடிக்கும்வரை எந்த வகுப்பும் கலையக் கூடாதாம். வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம். கீழே குட்டிப் பிள்ளைகள் பசியில் அழுகிற சத்தம் கேட்டது. ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். அவளை அடித்தார்கள். இதையும் ஒழுங்கு என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் இருந்த டைம்பீஸை அப்பா முன்பு போலவே ரேடியோவுக்குத்தான் வைத்தார். வீட்டில் ஒரு நேரம், பள்ளிக்கூடத்தில் ஒரு நேரம். அம்மா ஒரு நாள் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல மணி முந்துதுன்னு உங்களுக்குத் தெரியும்லா? அதச் சரியா வெச்சா என்ன? நானும் விடியமுந்தி அடுப்பு பத்த வைக்க வேண்டாம்."

"ஹெட்மாஸ்டர் வாட்ச பாத்துத்தான் வைக்கச் சொல்லிருக்காவ. நான் வைக்கேன். உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியாட்டாப் போவுது. உங்களுக்குப் புரியுதா?"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இனி என் பெஞ்சுத் தோழி. முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வகுப்பில் யாரும் அவள் பெயரைச் சொல்லமாட்டீர்கள், முத்தையாபுரத்துக்காரி என்பீர்கள். அவளுடைய அம்மா அளத்தில் உப்பு வாருகிறவள். விடியும் முன்பே போய்விடுவாள். தோழிக்கு அப்பா இல்லை. சின்னத் தம்பி ஒருவன். அவனைக் குளிப்பாட்டி, பால்வாடி திறந்ததும் ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் இவள் பஸ் ஏற முடியும். அந்த பஸ் மில் சங்குக்குச் சற்று முன்னால் இவளைப் பள்ளிக்கூடத்து முக்கில் இறக்கிவிடும். அஞ்சு வருடமாக அதில்தான் வந்தாள். ஒரு நாளும் பிந்தியதில்லை. அதற்கு முந்தின பஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் தம்பியைத் தெருவில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கடிகாரம் வந்ததும் புது விதி வந்தது. மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். பிந்தி வந்தவர்கள் முதல் பாடம் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும்; அரை நாள் வரவில்லை என்று கணக்கு. நேற்றுவரை நேரத்துக்கு வந்தவள் ஒரே நாளில் சோம்பேறியாகிவிட்டாள்.

முதல் பாடம் கணக்கு. அப்பா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அவளுடைய பெயர் வந்ததும் தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியே பார்ப்பார். கேட்டுக் கம்பிக்கு அப்பால், வெயிலில், புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பது தெரியும். பார்த்துவிட்டுக் குனிந்து வரவில்லை என்று போடுவார். ஒரு நாள் நான் எழுந்துவிட்டேன்.

"சார், அவ அங்கன நிக்கா."

"வகுப்புக்குள்ள இருந்தாத்தான் வந்த கணக்கு. உக்காரு."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். கணக்கில் அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான் என்பது அவருக்கும் தெரியும். இடைவேளையில் நான் காட்டும் கணக்கை நின்றபடியே பார்த்து, "மூணாவது வரில தப்பு விட்டிருக்க பாரு" என்பாள். நான் கணக்கு வாத்தியார் மகள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த பிறகு தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு, வருகை போதாததால் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு அவளை அனுப்ப முடியாது என்றார். மறுநாள் அவளுடைய அம்மா வந்தாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மகளோடு அதே பஸ்ஸில் வந்தாள். கேட் பூட்டியிருந்தது. அவள் கேட்டைப் பிடித்து உலுக்கிய சத்தத்தில் பியூன் திறந்துவிட்டார். அன்று காலைக் கூட்டம் இல்லாத நாள்; நான் அப்போது சாக்பீஸ் பெட்டி வாங்கத் தலைமையாசிரியர் அறைக்குப் போயிருந்தேன். அப்பாவும் அங்கே இருந்தார்.

"ஐயா, நான் படிக்காதவ," என்றாள். "எம்மவ என்ன தப்பு செஞ்சா? அவ எப்பவும் வார பஸ்ஸுலதான வாரா?"

"பஸ் பிந்தினால் நீதான் முந்தி அனுப்ப வேண்டும்."

"பஸ்ஸு எங்கய்யா பிந்திச்சு? மில்லுச் சங்கே இன்னும் ஊதல. அதுக்குள்ள கேட்டப் பூட்டிட்டா பிள்ள எப்பிடி வரும்?"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சங்கு ஊதியது. நீளமாக ஊதியது.

"இந்தா ஊதுதுல்லா. உங்க காதுலயும் விழுதுல்லா?"

"ஊரில் ஊதுகிறதற்கெல்லாம் நான் பள்ளிக்கூடம் நடத்த முடியாது," என்றார் தலைமையாசிரியர். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "சார், நீங்கள்தானே பொறுப்பு? சொல்லுங்கள், கடிகாரத்தில் ஏதாவது கோளாறு உண்டா?"

அப்பா சாவிச் சங்கிலியைத் தடவினார். "கடிகாரம் சரியா ஓடுது, சார்," என்றார்.

பொய் இல்லை. சரியாகத்தான் ஓடியது. தப்பாக வைத்தது சரியாக ஓடியது. கணக்கு வாத்தியாரின் சாமர்த்தியம் அது. வாழ்நாள் முழுவதும் அவர் பொய் சொன்னதில்லை என்று பிற்காலத்தில் அவருடைய அடக்க ஆராதனையில் பாதிரியார் சொன்னார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியர் பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "நான் என் சோம்பலால் பிந்தி வந்தேன், மன்னிக்க வேண்டும்" என்று அவள் சொன்னால், மேலே சிபாரிசு எழுதிப் பரீட்சைக்கு அனுப்புவார். அம்மாக்காரி மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லிருளா," என்றாள் அம்மா மெதுவாக. "ஒரு வார்த்ததான. சொல்லிட்டுப் பரீச்ச எழுது."

அந்தத் திங்கள்கிழமை உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். அவளுக்காக அன்றைக்கு மட்டும் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார். நாம் வாகைமரத்தடியில் வரிசையில் நின்றோம். செய்தி வாசித்து முடிந்ததும் பஸ் வந்தது. அவளை நேரே மேடைக்குக் கூட்டிப் போனார்கள். மைக் அவளுடைய உயரத்துக்கு மேலே இருந்தது. தலைமையாசிரியர் தாமே அதை இறக்கிவிட்டார். அவ்வளவு ஆர்வம் அவருக்கு.

"சொல்," என்றார்.

அவள் சொல்லவில்லை. பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லு என்கிறேன்."

அவளுடைய உதடு அசைந்தது. சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் சங்கு ஊதியது. அவள் தலையைத் தூக்கிச் சங்கு வந்த பக்கம் பார்த்தாள். ஊதி முடியும்வரை காத்திருந்தாள். பிறகு மைக்கில், கணக்குக்கு விடை சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"இப்பத்தான் மணி ஆவுது, ஐயா. நான் அதுக்கு முந்தியே வந்துட்டேன். இங்கனதான நிக்கேன்."

யாரோ ஒரு பையன் சிரித்தான். பிறகு பலர் சிரித்தோம். அவளைப் பார்த்து இல்லை. தலைமையாசிரியரின் முகம் சிவந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அவர் மைக்கை அணைத்தார். அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுவரை போய் வெளியே விட்டார். ஆசிரியர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவர்கூட ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. என் அப்பா கடிகாரம் இருந்த பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

அவளுக்குப் பரீட்சை இல்லை என்றாகிவிட்டது.

கொஞ்ச நாளில் ஆண்டு விழா வந்தது. உப்பு முதலாளிதான் தலைமை. நான் மறுபடியும் பாடகர் குழுவில் மேடை ஓரத்தில் நின்றேன். அவர் கடிகாரத்தைப் பற்றிப் பேசினார், தம் தகப்பனாரைப் பற்றிப் பேசினார், பிறகு குஷி வந்துவிட்டது.

"எல்லாரும் என்கிட்ட கேப்பாவ, அண்ணாச்சி, நீங்க எப்பிடி இவ்வளவு முன்னுக்கு வந்தியன்னு. ரகசியம் இந்தக் கையிலதான் இருக்கு." வாட்சைத் தூக்கிக் காட்டினார். "என் வாட்சு எப்பவும் கால் மணி முந்தித்தான் ஓடும். நான்தான் முந்தி வெச்சிருக்கேன். அளத்துல வேலக்காரன் என் வாட்சுக்குத்தான எறங்கணும்? சாயந்தரம் கரையேற மட்டும் சூரியனப் பாத்துக்கிடுவோம்!"

மேடை சிரித்தது. கூட்டம் சிரித்தது. தலைமையாசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில் அப்பா கைதட்டினார். திறப்பு விழாவில் அவர்கள் வரிசையாக வாட்சைத் திருகியது ஏன் என்று அந்த நிமிடம்தான் புரிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்.

"அப்பா, அவரே சொல்லிட்டாருல்லா. இனி அவள எழுத விடுவாங்கள்லா?"

"பெரிய மனுசன் வேடிக்கைக்குச் சொன்னத எல்லாம் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது."

"வேடிக்க இல்லப்பா. உங்களுக்கும் தெரியும்."

"உனக்கு அடுத்த மாசம் பரீச்ச. அதப் பாரு," என்றார். வேகமாக நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகாமல் முத்தையாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பெரிய செய்தி கொண்டு போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டு வாசலில் அவள் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, உப்பு அறுத்த பாதத்து வெடிப்பில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே தோழி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அத்தை, முதலாளி வாட்சு முந்தி ஓடுதாம். அவரே மேடையில சொன்னாரு. அதப் பாத்துத்தான் பள்ளிக்கூடத்துல மணி வெச்சிருக்காங்க."

அவள் எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"அளத்துல எல்லாத்துக்கும் தெரியும்ளா அது."

"அப்பம் அன்னைக்கே ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா மறுநாளு எனக்கு அளத்துல வேல இருக்குமா?" என்றாள். மற்றக் காலுக்கு எண்ணெய் எடுத்தபடி, "அவுகளுக்குத் தெரியாதுன்னா நெனைக்க? சங்கு அவுக காதுலயும் விழத்தானளா செஞ்சுது" என்றாள்.

தோழி கரண்டியோடு வெளியே வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அழுத முகமாக இல்லை.

"அடுத்த வருசம் தனியா எழுதுதேன்," என்றாள். "நீ எழுதி முடிச்சதும் ஒன் புஸ்தகத்தையெல்லாம் எனக்குக் குடு. வேற யாருக்கும் குடுத்துராத."

அந்த ஒரு வருடம் அவள் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்நுனித் தோலெல்லாம் உரிந்திருக்கும். பென்சிலைப் பிடிக்கத் துணி சுற்றிக்கொள்வாள். நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடகர் குழுவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவளிடம் போவேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். சில ஞாயிறுகளில் ஒரு பொட்டலத்தில் அதிரசமோ முறுக்கோ கட்டி, ஒன்றும் சொல்லாமல் என் பையில் வைத்துவிடுவாள்.

எட்டயபுரத்தில் அவளுக்குப் பரீட்சை மையம் போட்டார்கள். போய் எழுதினாள். கணக்கில் நூற்றுக்கு நூறு. அந்த வருடம் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்து படித்த ஒருவரும் அந்த மதிப்பெண்ணை எட்டவில்லை. பிறகு டைப் அடிக்கப் படித்து, துறைமுக ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்து, தம்பியைப் படிக்க வைத்து, தானும் கல்யாணம் செய்து, பணி ஓய்வும் பெற்றுவிட்டாள். நன்றாக இருக்கிறாள். அவர்களால் அவளுக்கு ஒரு வருடத்தையும் விரல் தோலையும்தான் கெடுக்க முடிந்தது.

தலைமையாசிரியருக்கும் ஒன்றும் கெடவில்லை. நேரம் தவறாமைக்காகப் பொன்னாடை போர்த்தி, பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாற்றி அனுப்பினார்கள்.

அவளுடைய மதிப்பெண் செய்தி ஊரில் பரவிய வாரம், ஒரு ஞாயிறு மத்தியானம், சித்தப்பா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். சீலாமீன் குழம்பு. அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிரே. அம்மா பரிமாறினாள்.

"முத்தையாபுரத்துல ஒரு பிள்ள கணக்குல நூறு வாங்கிருக்காமே?" என்றார் சித்தப்பா. "அளத்து வேலக்காரி மகளாம். தனியா எழுதிச்சாம்."

அப்பா மீன் முள்ளை இலை ஓரத்தில் ஒதுக்கினார். முகம் மலர்ந்திருந்தது.

"நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளதாம்டே. நான் சொல்லிக் குடுத்த பிள்ள. கணக்கு அப்பிடி வரும் அதுக்கு. நான் அப்பவே சொல்லிருக்கேன், இது நூறு வாங்கும்னு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குழம்புச் சட்டியோடு அவருக்கு நேரே வந்து நின்றாள்.

"அந்தப் பிள்ளைதான் வரவே இல்லன்னு போட்டியள்லா," என்றாள். "வராத பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லிக் குடுத்திய?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா இலையைப் பார்த்தார். ரசம் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா கொண்டுவந்து ஊற்றினாள்.